கடை எண் 63, நடத்துபவர்

மைக்செட்காரன் மைக்கைத் தட்டுகிறான். மறுபடியும் தட்டுகிறான். ஹலோ ஹலோ என்று காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ, அது வேலை செய்கிறது என்று மண்டபத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவன் ஒருவனுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வாசலில் பேனர். கேட்கப் போகிறார்களாம். கேட்கிற காது இந்த மேடையில் யாருக்கு இருக்கிறது, என் கடைக்கு வந்தால் முயல் காது இருக்கிறது, ஒரு டப்பா நிறைய, அதையாவது வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு உட்காரலாம். கல்யாண மண்டபத்தைப் பிடித்திருக்கிறார்கள். காக்காசு மார்க்கெட்டை இடிப்பதைப் பற்றிப் பேச, காக்காசு மார்க்கெட்டுக்குள் வர இவர்களுக்குக் கால் கூசுகிறது. காக்ஸ் என்று எந்தக் காலத்திலோ ஒரு கலெக்டர் கட்டியது, ஊர் வாயில் விழுந்து காக்காசு ஆனது. நோட்டீஸில் அந்தப் பெயரைக்கூடப் போடாமல் 'மேற்படி இடம்' என்று போட்டிருக்கிறார்கள். காய்கறி, பூண்டு, கயிறு, வளையல், பாத்திரம், கறிக்கடை, நடுவில் அறுபத்துமூன்றாம் எண்ணில் என்னுடையது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாறுவேட உடுப்பு வாடகைக்கு விடுகிற கடை, இருநூறுக்கு மேல் கடை, எல்லாம் மேற்படி. மேற்படியை இடித்துவிட்டு ஐந்து மாடியில் வணிக வளாகமும் கார் நிறுத்தமும் கட்டுவார்கள். மேற்படியில் இருக்கிறவர்கள் பைபாஸுக்கு வெளியே, குப்பைக் கிடங்கை ஒட்டிய தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும், பணி நிறைவடையும் வரை. இந்த ஊரில் எந்தப் பணி நிறைவடைந்திருக்கிறது, ரயில்வே கேட் மேம்பாலத்தில் பாதியில் விட்ட தூணில் அரசமரம் முளைத்து, அதற்கு மஞ்சள் துணியும் கட்டிவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் நேற்று நடந்த கல்யாணத்தின் பூவேலையை யாரும் கழற்றவில்லை. கோகுல், ஹர்ஷினி என்று வெள்ளை எழுத்து, நடுவில் ஒரு சிவப்பு இதயம், அந்த இதயத்துக்கு நேர் கீழே மாநகராட்சி உதவி ஆணையர் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சின்ன வயசுதான். சினிமாவாக இருந்தால் இந்தப் பெண் சின்னப் பிள்ளையில் என் கடையில் கலெக்டர் வேஷம் எடுத்துப் போட்டவளாக இருப்பாள், என்னைப் பார்த்ததும் கண் கலங்குவாள். இவள் எந்த ஊரோ. என் கடை எந்தப் பக்கம் என்றுகூட இவளுக்குத் தெரியாது.

படம் காட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்த கன்சல்டன்ட், முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட சட்டை, காலில் சாக்ஸ் போடாத ஷூ, அவர் பொத்தானை அழுத்த அழுத்தத் திரையில் வளாகம் எழும்பியது. கண்ணாடிச் சுவர், நீரூற்று, ஆளுக்கொரு திசையில் நடந்து போகிற வெள்ளைக்காரர்கள். நம்மூரில் எங்கே இருக்கிறார்கள் இவ்வளவு வெள்ளைக்காரர்கள்? ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு போகிறாள், ஒரு குழந்தை கையில் பலூன். வியர்க்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. தலையில் கூடை இல்லை. கீழே ஒரு கீரைத்தண்டு கிடக்கவில்லை. நான் மார்க்கெட் கிணற்றை வைத்து, கிழக்கு வாசலை வைத்து, மனசுக்குள் அளந்து பார்த்தேன், என் கடை இருக்கிற இடத்தில் அந்த நாய்தான் நிற்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் என்றார். ஃபுட்ஃபால் என்றார். நீங்க எல்லாரும் இந்தத் திட்டத்தோட ஸ்டேக்ஹோல்டர்ஸ் என்று கையை விரித்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பூண்டுக்கடை பேச்சியம்மா என் தொடையில் இடித்தாள். "என்னக்கா சொல்லுதாரு?" "நம்மள எல்லாம் பங்காளிங்கறாரு." "எவனுக்குப் பங்காளி?" என்றாள், நல்ல சத்தமாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சியம்மா கேட்கிற கேள்விகளே இப்படித்தான், தொடங்கும்போது வெட்டுகிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் அழுதுவிடுவாள். அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இவர்கள் முன்னால் அழுவதாவது. அழுகையைப் பார்த்தால் இவர்களுக்கு ஒரு நிம்மதி, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடலாம், காகிதத்தில் எழுத வேண்டியதில்லை.

மூன்று வரிசை முன்னால் ஞானதுரை அண்ணாச்சியின் பின்தலை தெரிகிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மாதிரி. பின்கழுத்தில் பவுடர். அந்தக் கழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. அறுபத்திரண்டாம் கடை அவருடையது, கயிறு, பாய், துடைப்பம். அறுபத்துமூன்றுக்கும் உரிமம் அவர் பெயரில்தான், அவர் அப்பா காலத்தில் அது பாய் அடுக்குகிற இடம். இருபத்துநாலு வருஷம் முன்னால், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை போய் நான் நடுத்தெருவில் நின்றபோது எனக்கு உள்வாடகைக்கு விட்டார். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மார்க்கெட்டில் பாதிக் கடை அப்படித்தான், உரிமம் ஒருவர் பெயரில், உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர் வேறொருவர், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நோட்டீஸில் ஒன்பதாவது நிபந்தனையைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: உள்வாடகைக்கு விட்டிருப்பது தெரியவந்தால் அந்த உரிமதாரரின் எல்லா உரிமமும் ரத்து, மாற்று இடமும் கிடையாது. காலையில் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன், இவர் வந்தார். "தமயந்தி, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது." "கோவப்படுற மாதிரி சொல்லப் போறீங்க." "ரெண்டு கடையும் நாந்தான் நடத்துறதா சொல்லிருதேன். கொட்டகையில ரெண்டு இடம் தருவாக. ஒண்ணு உனக்குத்தான், எப்பவும் போல நீ பாட்டுக்கு நடத்து." "அப்ப நான் யாரு அண்ணாச்சி?" டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு நாள் பேசாம இரி. அவ்வளவுதான் கேக்கேன்." "இடிக்க வாரவனப் பாத்துப் பேசாதேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. என்னையச் சொல்ல வருது." மிச்ச டீயைக் குடித்தார். "பயந்தாங்கொள்ளி," என்றேன். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏதோ அவர்கள் வீட்டுத் தம்ளர் மாதிரி, உள்ளே போய்விட்டார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். பெயர் பதிகிற மேஜைக்குப் போனேன். மேல் தாளில் இவர் கையெழுத்து, இருபத்தாறாம் எண், கடை 62, 63, நடத்துபவர் ஞானதுரை. என்னிடம் கேட்க வருவதற்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் டீக்கடைக்கு வந்திருக்கிறார். பேனாவை வாங்கி, இருபத்தேழு, கடை 63, நடத்துபவர் தமயந்தி, இருபத்துநாலு ஆண்டுகள் என்று தாளில் பள்ளம் விழும்படி அழுத்தி எழுதி, அவர் தாளின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கட்டு இப்போது உதவி ஆணையரின் இடது கைப் பக்கம் இருக்கிறது, திருப்பி அடுக்கி, ஒன்று மேலே வரும்படி. ஒவ்வொரு ஆள் பேசி முடித்ததும் ஒரு தாள் வலது பக்கம் போகிறது. இப்போது பதினொன்று. கட்டு இளைக்கிறது. இளைக்கட்டும். எழுதினது எழுதினதுதான், நான் பொய்யா எழுதினேன்?

சங்கத் தலைவர் பூமிநாதன் பேச வந்துவிட்டார், கைத்தட்டல். முனையில் இருக்கிற பெரிய ஜவுளிக்கடை அவருடையது, உள்ளேயும் நாலைந்து கடை மச்சான் பெயரில், மருமகன் பெயரில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எந்தப் பள்ளிக்கூட நாடகத்தில் தலைவர் வேஷம் கேட்டாலும் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன், இன்னும் கொஞ்சம் கஞ்சி குறைவாக. எங்கள் பிணத்தின் மீதுதான் நீங்கள் கட்ட வேண்டும் என்றார். யார் பிணம்? அவர் பிணம் என்று சொல்லவில்லை, எங்கள் என்றார், கவனமாகத்தான் சொன்னார். பேசி முடித்து மேடை ஓரமாக இறங்கும்போது கன்சல்டன்ட் எழுந்து கை கொடுத்தார், இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிணம் கொடுக்கிற கையா அது. பிறகு சமோசா வந்தது. ஆளுக்கு ஒன்று, காகிதத் தட்டில். அதுவரை மாநகராட்சி ஒழிக என்று கத்திக்கொண்டிருந்த பின்வரிசை அப்படியே அடங்கி, சமோசாவின் மூக்கைக் கிள்ளி ஆவி பறக்கவிட்டு, உள்ளே பட்டாணி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டது. நான் வாங்கவில்லை. வாங்காததை யாரும் பார்க்கவுமில்லை. நடைப்பயிற்சி நண்பர்கள் என்று ஒரு கூட்டத்தின் சார்பில் ஒரு ரிட்டயர்டு மேனேஜர் வந்தார், மார்க்கெட்டின் நாற்றத்தால் தனக்கு மூச்சுத் திணறுகிறது, நகரம் என்றால் வளர வேண்டும் என்றார். முப்பது வருஷமாக இந்த மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து பேரம் பேசி வாங்கிப்போன வெண்டைக்காயைத்தான் அவர் வீட்டில் எல்லோரும் தின்று வளர்ந்தார்கள். பேச்சியம்மா போனாள். நினைத்தது போலவே அழுதாள். நாலு வார்த்தை, அம்மா தாயி, இடிக்காதீக, எங்க போவோம், பொறவு முந்தானை. உதவி ஆணையர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். எழுத்தர் குனிந்து ஏதோ எழுதினார். எனக்கு அவள்மீது வந்த வெறுப்பு இருக்கிறதே, எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாச் சொன்னேனாக்கா?" என்கிறாள். "சொன்னே," என்றேன்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நாலு நாளாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். முதல் வரி, நீங்கள் காட்டிய படத்தில் என் கடையில் நாய் நிற்கிறது. இல்லை, அதைப் படம் பார்த்த பிறகு சேர்த்தேன். முதல் வரி வேறு. இந்த மேஜையில் இருக்கிற யாராவது ஒரு நாள் காக்காசு மார்க்கெட்டில் ஒரு பொருள் வாங்கியிருக்கிறீர்களா என்பது. நல்ல வரி. சொல்கிறபோது உதவி ஆணையரைப் பார்க்க வேண்டும். அப்புறம் குப்பைக் கிடங்கு, அந்த ஈக்கு நடுவே எந்தத் தாய் தன் பிள்ளைக்கு உடுப்பு எடுக்க வருவாள். நாலு நாளும் குளிக்கும்போது, துணி காயப்போடும்போது, இந்த வரிகளைச் சொல்லிச் சொல்லிக் கூர் தீட்டியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டும், யார் என்று சொன்னதும் அங்கே அந்தக் கழுத்து வெட்டுப்படும். படட்டும். கேட்காமல் எழுதினவர்தானே. கேட்காமல் செய்வதே இவருக்கு வழக்கம். அந்த மழை வருஷம் சாக்கடை பொங்கி மார்க்கெட்டுக்குள் முழங்கால் தண்ணீர், நான் காலை எட்டு மணிக்குப் பதறிப்போய் ஓடி வருகிறேன், என் கடைப் பூட்டு உடைந்து தொங்குகிறது. உள்ளே ஒன்றுமில்லை. எல்லா உடுப்பையும் இவர் விடியற்காலையிலேயே அள்ளித் தன் கடைப் பரணில் ஏற்றிவிட்டார், சிங்கத் தலை, மயில் தோகை, கிரீடம், ஒன்று விடாமல். பரணில் இருந்த அவருடைய பாய்க்கட்டுகளைக் கீழே தள்ளியிருக்கிறார், அவை தண்ணீரில் ஊறி உப்பிப்போய்க் கிடக்கின்றன. நான் என்ன சொன்னேன்? யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சீங்க என்று கேட்டேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. இவர் தப்புத்தான் தமயந்தி என்று சொல்லி மறுநாள் புதுப் பூட்டு வாங்கி வந்து கொடுத்தார், இரண்டு சாவியோடு. நன்றி என்று நான் சொல்லவில்லை, இன்றுவரைக்கும். என் வாய்க்குப் பயந்துதான் செய்தார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பயந்தவன் முழங்கால் சாக்கடையில் இருட்டோடு இறங்குவானா? இதை ஏன் இப்போது நினைக்கிறேன். இருபத்துமூன்று போய்விட்டது. இருபத்துநாலு, தேங்காய்க்கடை. இருபத்தைந்து, ஆள் வரவில்லை. கட்டு சரசரவென்று குறைகிறது.

"இருபத்தாறு. ஞானதுரை." எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய் மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்தார், அவர் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. "கடை 62, கயிறு, பாய். சரி. 63-ல என்ன வியாபாரம்?" என்று உதவி ஆணையர் கேட்டார். "பிள்ளைகளுக்கு வேச உடுப்பு. வாடகைக்கு." "அதையும் நீங்களேவா நடத்துறீங்க?" கேட்கும்போதே சிரித்தார், கன்சல்டன்டும் சிரித்தார். "ஆமா." "என்னென்ன வெச்சிருக்கீங்க, சொல்லுங்க பார்ப்போம்." முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனுஷனுக்குக் கண்ணனுக்கும் ராமனுக்கும் வித்தியாசம் தெரியாது, கிறிஸ்தவ வேதக்காரர், நிற்கப்போகிறார் முழித்துக்கொண்டு, நன்றாக வேண்டும். அவர் சொல்ல ஆரம்பித்தார். "கண்ணன் உடுப்பு நாப்பத்தஞ்சு இருக்கு. ராதை இருபதுதான், பொம்பளப் பிள்ளையையும் வீட்டுல கண்ணனாத்தான் ஆக்குவாக, அதனால ராதை அவ்வளவா போகாது. ஆகஸ்ட்டு பதினஞ்சுக்கு ஒரு வாரம் முன்னாலயே பாரதமாதா எல்லாம் போயிரும். கிரீடம் அட்டையில செய்யக் கூடாது, வேர்வையில நமுத்திரும். தகரம்தான், ஓரத்துல துணி சுத்தணும், இல்லேன்னா பிள்ளை நெத்தியக் கீறிரும். மீசைக்குப் பசை கிடையாது, பிள்ளைக்கு அரிக்கும், நூல் கோத்துக் காதுல மாட்டுறதுதான். டிசம்பர்ல தேவதை றெக்கை. அத மடிக்க முடியாது, தொங்கத்தான் விடணும், அதுக்கு நாந்தான் மேல கயிறு கட்டிக் கொடுத்திருக்கேன்." "யாருக்குக் கட்டிக் கொடுத்தீங்க?" மைக்கை மறு கைக்கு மாற்றினார். "கடைக்கு." மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சிங்கத்தலைய மாட்டினதும் சின்னப் பிள்ளைக அழும்மா. அதனால முதல்ல தலையப் பிள்ளை கையிலயே கொடுத்திரணும். பொம்மை மாதிரி கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டும். கண்ணுக்குள்ள கையவிட்டுப் பாக்கும், பல்லத் தொட்டுப் பாக்கும். பொறவு தானா மாட்டிக்கிடும்." சிரிப்பு நின்றுவிட்டது. யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அது நான் செய்வது, நானாகக் கண்டுபிடித்தது, யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அறுபத்திரண்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, இரண்டு பலகைக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி, இருபத்துநாலு வருஷம். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு வார்த்தை வரும், ஒரே வார்த்தையில் ஆளைக் கவிழ்த்துவிடுவேன். வரவில்லை. இவர் இந்தப் பொய்யை இவ்வளவு உண்மையாகச் சொல்லிவிட்டாரே, அடுத்த தாள் என் தாள்தானே.

"நல்லது, உட்காருங்க," என்று அவர் தாளை வலது பக்கம் வைத்த உதவி ஆணையர் அடுத்த தாளை எடுத்தார், படித்தார், மறுபடியும் வலது பக்கத் தாளை எடுத்துப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இருபத்தேழு. தமயந்தி." எழுந்து நடந்தேன். மைக் வரைக்கும் எத்தனை அடி என்று தெரியவில்லை, அண்ணாச்சியின் வரிசையைக் கடக்கும்போது அவர் என்னைப் பார்க்காமல் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் 63-னு எழுதியிருக்கீங்க. நடத்துபவர்னு போட்டிருக்கீங்க. இருபத்துநாலு வருஷம்னு வேற." நாலு நாளாகத் தீட்டிய முதல் வரி வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொல்லவில்லை. "நான் அவுக கடையில வேலைக்கு இருக்கேன்," என்றேன். என் குரல் ஒலிபெருக்கி வழியாகப் போய் மண்டபத்தின் பின்சுவரில் மோதித் திரும்பி வந்தது, வேலைக்கு இருக்கேன் என்று. "கடையப் பாத்துக்கிடுதது யாருன்னு கேட்டிருக்காகன்னு நினைச்சு என் பேர எழுதிட்டேன். இருபத்துநாலு வருசமா வேலை பாக்கேன்." மார்க்கெட்டே உட்கார்ந்திருக்கிறது, அத்தனை பேருக்கும் தெரியும், யார் வேலைக்காரி யார் முதலாளி என்று. ஒருவர்கூட இருமவில்லை. பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பணியாளர்கள் கருத்து இன்னைக்கு எடுக்கலம்மா," என்று உதவி ஆணையர் என் தாளில் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். கோடு நீளமாக, நிதானமாகப் போனது, என் பெயர் மீது, என் வருஷங்கள் மீது. போடட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருப்பேன். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து எழுத்தரின் பதிவேடு தெரிந்தது, தலைகீழாக. தையல்காரிக்கு எதையும் தலைகீழாகப் பார்க்கத் தெரியும். கருத்தின் சுருக்கம் என்று ஒரு பத்தி. முதல் வரியில், மாற்று இடம் கோருகிறார். அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. மேற்படி, மேற்படி, மேற்படி, பேச்சியம்மாவின் அழுகை ஒரு மேற்படி, அண்ணாச்சி ஒரு மேற்படி. கடைக்காரர்களில் பதினொன்றாம் எண் பூமிநாதன் மட்டும் வேறு: நிபந்தனையுடன் சம்மதிக்கிறார்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. "இவரு என்ன எழுதியிருக்காருன்னு வாசிக்கேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க," என்றேன். எழுத்தர் கையை வைத்து மறைத்தார், கையை விலக்கினேன், ஆண் கை என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஒவ்வொரு எண்ணாக, பெயராக வாசித்தேன். தேங்காய்க்கடை, மேற்படி. வளையல்கடை, மேற்படி. "பேச்சியம்மா, நீ மாத்து இடம் கேட்டியா?" அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் எங்க கேட்டேன்? இடிக்காதீகன்னுல்லா சொன்னேன்!" "இது சுருக்கம்தான்மா, விரிவா அப்புறம் எழுதிக்குவாங்க," என்று உதவி ஆணையர் எழுந்து நின்றார். "சுருக்கமாவே எழுதட்டும். மார்க்கெட்டை இடிக்கக் கூடாது. மூணே வார்த்தை. எழுதச் சொல்லுங்க." பேச்சியம்மா அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டாள், கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் விரலைத் தன் பெயர் மேல் ஊன்றிக்கொண்டு, எழுதினால்தான் எடுப்பேன் என்று நின்றாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பின்னால் தேங்காய்க்கடை, வளையல்கடை, சமோசாவின் எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்தப் பின்வரிசை முழுக்க வந்தது. மேடையில் இடம் இல்லாமல் பூவேலைச் சட்டம் சாய்ந்தது. உதவி ஆணையர் யாருக்கோ போன் செய்தார், எடுக்கவில்லை போல. கடைசியில் எழுத்தரைப் பார்த்து, "அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க, ஒவ்வொருத்தரும் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும்," என்றார், களைத்துப்போன குரலில். அந்த நேரத்தில் அவர்மீது எனக்கு வெறுப்புக்கூட வரவில்லை, வேலை பார்க்கிற பெண், அவ்வளவுதான். கன்சல்டன்ட் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். பகல் இரண்டரை ஆயிற்று. இன்னும் பேசாதவர்களையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேர் வரிசையில் நின்று தங்கள் வரியைத் தாங்களே பார்த்து எழுதவைத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். ஆட்சேபங்கள் மாநகராட்சி மன்றத்துக்குப் போகும், முடிவு வரும்வரை கடைகளை யாரும் தொடமாட்டார்கள் என்று உதவி ஆணையர் மைக்கில் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. பூமிநாதன் ஓரமாக நின்று, அவசரப்படாதீங்க, நான் பேசிக்கிடுதேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், தன் வரியை மாற்ற மட்டும் மேஜைக்கு வரவில்லை. அண்ணாச்சி வந்தார். இருபத்தாறுக்கு நேராக, மார்க்கெட்டை இடிக்கக் கூடாது, கடை 62, 63 என்று எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழு காலியாக இருந்தது. நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை, பணியாளர் கருத்து எடுக்கவில்லையே.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. படியில் இறங்கும்போது பின்னாலிருந்து, "தமயந்தி," என்றார். திரும்பவில்லை. "உன்னைய அப்படிச் சொல்ல வெச்சிட்டேனே." "நீங்க எங்க வெச்சீங்க, நானாச் சொன்னேன்," என்றேன். "எனக்குச் சங்கடமா இருக்கும்மா." "இருக்கட்டும்." இவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம். காலையில் நான் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது, அதற்கு ஒரு வழக்கம் இருக்குமே மனிதர்களுக்குள், எனக்கு அது தெரியாது, பழகவில்லை. பக்கத்தில் வந்து நடக்கப் பார்த்தார். மண்டபத்தின் மாடி வராந்தாவில் எழுத்தரும் இன்னும் இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது நிபந்தனை எங்கே போய்விடும், அது அப்படியேதான் இருக்கிறது, மன்றம் முடிவு சொல்கிறவரைக்கும், அதற்குப் பிறகும். நாளைக்கே கடைக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று. "முன்னால போங்க," என்றேன். "எதுக்கு?" "முதலாளியோட சமமா எந்த வேலைக்காரி நடப்பா? மேல பாக்காக. முன்னால போங்க." அவர் இரண்டு அடி முன்னால் போனார், பிறகு தயங்கி, நான் வந்து சேரட்டும் என்று நடையைக் குறைத்தார். நானும் குறைத்தேன். பஜார் தெரு முனை வரைக்கும் இதே பாடு, அவர் நிற்பதும், நடங்க என்று நான் பல்லைக் கடிப்பதும். அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இரண்டு அடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு, அவருக்குப் பின்னால் நடந்தேன்.